முதல் பூம்பாக்ஸ்: பெரிசா, பேர் பெற்றதா, காதுக்குப் பிடித்ததா?

9 ஜூன் 2024, ஒரு வாசகர் கேட்டது

"அண்ணே, நான் ரங்கூன் திங்கன்ஜூன்ல இருக்கேன். ஜப்பான் செகண்ட்ஹேண்ட் கடைகள்ல பழைய ரேடியோ கேசட் செட்டு, அதான் பூம்பாக்ஸ்னு சொல்றாங்களே, கிடக்குது. ஒண்ணு வாங்கி, மெல்ல மெல்லச் சேர்க்க ஆரம்பிக்கலாம்னு ஆசை. ஷோகேஸ்ல வைக்க இல்ல, பாட்டுக் கேக்கணும். செட்டு பெரிசா இருந்தா சத்தமும் நல்லா இருக்குமா? ஜேவிசி எம்90 தான் ராஜான்னு சொல்றாங்க. அது கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கலாமா?"

9 ஜூன் 2024

காத்திருக்க வேண்டாம் தம்பி. ஆர்சி-எம்90 நல்ல செட்டுதான், மறுப்பே இல்லை. 1981-இல் வந்தது, கனத்த கீழ்ச்சத்தத்துக்கான 20 செ.மீ. வூஃபர் ஸ்பீக்கர், ஆழமான பேஸ். ஆனால் 1985-இல் ஓர் அமெரிக்க ராப் பாடகரின் ஆல்பம் அட்டையில் அதன் படம் வந்ததிலிருந்து, உலகம் முழுக்க சேகரிப்பவர்கள் அதைத் துரத்துகிறார்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பாதி சத்தத்துக்கு, மீதி அந்தப் பெயருக்கு. ரிப்பேர் பழகாத கையில் முதல் செட்டாக அது வந்தால், டேப்பைச் சுற்றவைக்கும் ரப்பர் பெல்ட்டை மாற்றக்கூட திறக்கப் பயமாக இருக்கும்.

என் யோசனை: 1978 முதல் 1983 வரை வந்த நடுத்தர அளவு ஸ்டீரியோ செட், ஒரே ஒரு கேசட் டெக் (கேசட் ஓடும் பகுதி), ஒவ்வொரு பக்கமும் ஒரு வூஃபரும், மெல்லிய உச்சச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் ஒன்றும். சான்யோ, நேஷனல், ஹிட்டாச்சி, ஷார்ப், தோஷிபா, சோனி, எதுவானாலும் சரி. பிராண்டைப் பார்க்குமுன் காதை வைத்துக் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று விவரமாக எழுதுகிறேன்.

9 ஜூன் 2024, இரவு

அதற்கு முன்னால் ஒன்று. இதைப் படிக்காமல் நாளைக்கே கடைக்குப் போய்விடாதீர்கள்.

ஜப்பானிலிருந்து வரும் செட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஏசி 100 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் அது ஜப்பான் உள்நாட்டு மாடல். நம் வீட்டு 230 வோல்டில் சொருகினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். ஃபியூஸ் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். எத்தனையோ நல்ல செட்டுகள் இப்படித்தான் வீணாகின்றன. விற்பவரே "வேலை செய்யுதா பாரு" என்று நேரே சொருகிக் காட்டப் போவார். கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

230-ஐ 100 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக விற்கிறது. நடுத்தர செட்டு இழுப்பது பெரும்பாலும் 15 முதல் 40 வாட். 100 விஏ டிரான்ஸ்ஃபார்மர் தாராளம். ஏற்றுமதி மாடல் என்றால் பின்னால் 110, 220 என்று மாற்றும் சுவிட்ச் இருக்கும். அது 220-இல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொருக வேண்டும்.

50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் குழப்பம் இங்கே இல்லை. இந்த செட்டுகளில் டேப்பை ஓட்டுவது டிசி மோட்டார். கரன்டின் அதிர்வெண் (ஹெர்ட்ஸ்) மாறினால் வேகம் மாறாது.

11 ஜூன் 2024

"எஃப்எம் எடுக்கவே மாட்டேங்குது, கெட்டுப்போச்சு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கெட்டுப்போகவில்லை. ஜப்பானில் எஃப்எம் 76-இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருந்தது. நம் பக்கம் 88 முதல் 108. அதனால் உள்நாட்டு மாடலில் முள் 90-இல் முட்டி நின்றுவிடும். ரங்கூனில் சிட்டி எஃப்எம் 89.0-இல் இருப்பதால் அது எடுக்கும். 90-க்கு மேலே உள்ளது எதுவும் எடுக்காது.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. சில ஜப்பான் செட்டுகளின் டயலில் எஃப்எம் பட்டைக்குத் தொடர்ச்சியாக டிவி 1, 2, 3 சேனல் என்று குறித்திருக்கும். ஜப்பானில் அந்த மூன்று அனலாக் டிவி சேனல்களும் 90-க்கும் 108-க்கும் நடுவில்தான் இருந்தன. டிவியின் சத்தத்தை ரேடியோவில் கேட்பதற்காக அந்த வசதி. அங்கே அனலாக் டிவி 2011-12-இல் முடிந்துபோனது. நமக்கு அது 108 வரைக்கும் எஃப்எம். டயலில் டிவி என்று பார்த்தால் அந்த செட்டைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். கடைக்காரருக்குப் பெரும்பாலும் இது தெரியாது, அதற்காக விலையும் ஏற்ற மாட்டார்.

16 ஜூன் 2024

சரி, கடையில் கேட்பது எப்படி.

சொந்தக் கேசட் ஒன்று கொண்டு போங்கள். உயிரான கேசட் வேண்டாம், டேப்பைத் தின்றுவிடும் செட்டுகள் உண்டு. நன்றாகத் தெரிந்த பாட்டாக இருக்க வேண்டும். நான் எடுத்துப் போவது ஒரு பக்கம் நாதஸ்வரம், மறுபக்கம் பெண் குரல் பாட்டு. நாதஸ்வரம் ஏன் என்றால், ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும்போது மோட்டார், பெல்ட், டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் ரோலர் எதில் குறை இருந்தாலும் அந்த ஸ்வரம் அலைபாயும். ஆடலுக்கான தாளப் பாட்டைப் போட்டால் இது தெரியவே தெரியாது, டிரம் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

முதலில் கேசட் போடாமலே ப்ளே அழுத்தி வால்யூமை முழுக்க ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் "ஸ்ஸ்" என்ற இரைச்சல் ஒரே அளவில் வருகிறதா? ஒரு பக்கம் மட்டும் ஊமையாக இருந்தால் பதற வேண்டாம். பல செட்டுகளில் ரெக்கார்ட்-ப்ளே சுவிட்சில் களிம்பு ஏறி ஒரு சேனல் அடைத்துப்போயிருக்கும். காலி கேசட்டைப் போட்டு ரெக்கார்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தி எடுத்தாலே சில சமயம் உயிர் வந்துவிடும். வந்தால் காண்டாக்ட் கிளீனரில் சரியாகும் செட்டு. வராவிட்டால் விலையைக் குறைக்கக் காரணம் கிடைத்தது.

வால்யூம், பேஸ், ட்ரெபிள் குமிழ்களை முழுக்கத் திருப்புங்கள். கரகரவென்றால் பரவாயில்லை, தூசிதான். ஒரு குறிப்பிட்ட இடத்தில் சத்தம் சட்டென்று செத்துப்போனால் குமிழுக்குள்ளே இருக்கும் கார்பன் பட்டை தேய்ந்துவிட்டது. அதற்குச் சரியான மாற்று கிடைப்பது கஷ்டம்.

அப்புறம் ட்வீட்டர். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ட்வீட்டரிலும் வையுங்கள். சலங்கை, ஜால்ரா, "ச" ஒலி, எல்லாம் அதில் தனியாகக் கேட்க வேண்டும். சில மலிவு செட்டுகளில் ட்வீட்டர் இருக்கும் இடத்தில் வெறும் பிளாஸ்டிக் வளையம்தான் இருக்கும். நான்கு ஸ்பீக்கர், ஆறு ஸ்பீக்கர் என்று கண்ணுக்குத் தெரியும், காதுக்கு இரண்டுதான்.

கடைசியில் பெண் குரல் பக்கம். பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வைத்து, வீட்டில் கேட்கும் அளவுக்கு வால்யூமை இறக்குங்கள். குரல் மூக்கடைத்த மாதிரி வந்தால் எத்தனை பெரிய செட்டாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். குரல் முன்னால் வந்து நின்று பாடினால், அது எந்தக் கம்பெனியாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல செட்டின் அடையாளம் குறைந்த வால்யூமில்தான் தெரியும். முழு வால்யூமில் எல்லாமே பிரமாதமாகத்தான் இருக்கும், கடைக்காரர்கள் அப்படித்தான் காட்டுவார்கள்.

டேப்பை வெளியே எடுத்ததும் வெளிச்சத்தில் ஓரத்தைப் பாருங்கள். சுருங்கி மடிந்திருந்தால் ரப்பர் ரோலரில் கோளாறு.

17 ஜூன் 2024

வாட் எண்ணை நம்பாதீர்கள். பிஎம்பிஓ என்று போட்டு நூற்றுக்கணக்கில் எழுதியிருப்பது விளம்பரத்துக்கான எண். தொடர்ந்து நிஜமாகக் கொடுக்கும் ஆர்எம்எஸ் கணக்கில் பல நல்ல செட்டுகள் பக்கத்துக்கு 5 முதல் 10 வாட்தான். ஒரு ஹாலை நிரப்ப அது போதும்.

30 ஜூன் 2024

மழை பிடித்துக்கொண்டதிலிருந்து கேள்விகள் எல்லாம் பெல்ட் பற்றியே வருகின்றன.

நாற்பது வருஷ ரப்பர் இரண்டு விதமாகச் சாகும். ஒன்று, காய்ந்து தொய்ந்துபோகும். அப்போது டேப் மெதுவாக, சோர்ந்து ஓடும். இன்னொன்று, உருகித் தாராகிவிடும். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் இரண்டாவதுதான் அதிகம் பார்க்கிறேன். மூடியைத் திறந்தால் ஃப்ளைவீல் சக்கரத்தைச் சுற்றிக் கருப்புப் பிசின். விரலில் ஒட்டினால் சோப்புப் போட்டாலும் போகாது, தொட்டதில் எல்லாம் அப்பிக்கொள்ளும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துப் பொறுமையாகத் துடைக்க வேண்டும். சக்கரத்தின் பள்ளத்தில் ஒரு துளி மிச்சம் இருந்தாலும் புது பெல்ட் அங்கே ஏறி ஏறி இறங்கும், நாதஸ்வரம் தள்ளாடும். குச்சியின் நுனியில் துணி சுற்றிப் பள்ளத்தின் அடிவரைக்கும் போங்கள்.

பழைய பெல்ட் முழுசாகக் கிடைத்தால் அதைவிட ஐந்து சதவீதம் போலச் சிறிய சுற்றளவில் புதுசு எடுக்கலாம், பழையது நீண்டிருக்கும். முறுக்கான பெல்ட் போட்டால் மோட்டாரின் அச்சைத் தாங்கும் புஷ் தேயும். தட்டை பெல்ட் இருந்த இடத்தில் சதுர பெல்ட் போடக் கூடாது.

டேப் ஓடவில்லை என்பதற்காக ஒரு நல்ல செட்டை ஒதுக்கிவிடாதீர்கள். பெல்ட் ஆரம்பக்காரரும் மாற்றலாம். ரேடியோவில் சத்தம் அருமையாக வந்து டேப் மட்டும் சுற்றவில்லை என்றால், பேரம் பேச அதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை. இரட்டை டெக் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். பெல்ட் இரு மடங்கு, வேலை இரு மடங்கு. எண்பதுகளின் பிற்பகுதியில் வந்த பல இரட்டை டெக் செட்டுகளில் ஒரே மோட்டார் இரண்டையும் இழுக்கும். இலேசான பிளாஸ்டிக், சிறிய காந்தம் வைத்த ஸ்பீக்கர். ஷார்ப் ஜிஎஃப்-777 மாதிரி விதிவிலக்குகள் உண்டு. அது வேறு உலகம், விலையும் வேறு உலகம்.

14 ஜூலை 2024

சிற்றலை வேண்டுமா என்று கேட்டிருந்தார் மோல்மேன் நண்பர். இந்தக் கேள்விக்கு என்னால் சுருக்கமாகப் பதில் எழுத முடியாது.

எங்கள் அப்பாவுக்கு ரேடியோ என்றால் இலங்கை வானொலிதான். கொழும்பில் இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைகளுக்காகச் சிற்றலை வானொலி ஒன்றை நிறுவினார்கள். பர்மாவில் சண்டையிட்ட சிப்பாய்கள் பாட்டுக் கேட்பதற்காக. போர் முடிந்த சில வருஷங்களில் அது இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. சிப்பாய்களுக்குக் கேட்ட அதே திசையில் தமிழ்ப் பாட்டு எங்களுக்குக் கேட்டது. அறுபதுகளில் கப்பல் கப்பலாக நம் சனங்கள் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு, இங்கே தங்கிவிட்டவர்களுக்குத் தமிழ் காதில் விழுந்த வழிகளில் அதுவும் ஒன்று. தெருவில் தமிழ் குறைந்துகொண்டே வந்த வருஷங்களிலும் வீட்டில் சாயங்காலம் தமிழ் கேட்டது.

அப்பா பெரிய குமிழைத் திருப்பிவிட்டு அதன் மேல் இருக்கும் சின்னக் குமிழால் மயிரிழை மயிரிழையாகச் சரிசெய்வார். அந்தச் சின்னக் குமிழுக்குப் பெயர் ஃபைன் ட்யூனிங். சிற்றலையில் நிலையங்கள் நெருக்கமாக இருக்கும், பெரிய குமிழால் மட்டும் பிடித்து நிறுத்த முடியாது. சிற்றலைக்காக வாங்குகிறீர்கள் என்றால் அந்தக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றுமதி மாடல்களில் எஸ்டபிள்யூ1, எஸ்டபிள்யூ2 என்று இரண்டு பட்டைகளாகப் பிரித்திருப்பார்கள், அது இன்னும் வசதி.

15 ஜூலை 2024

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். பாசத்தில் எழுதியது, அதை மாற்றப் போவதில்லை. ஆனால் முதல் செட் தேடும் தம்பிக்கு இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சிற்றலைக்காக நல்ல ஸ்பீக்கரை விட்டுக்கொடுக்காதீர்கள். சிற்றலை நிலையங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. போதாததற்கு வீடெல்லாம் இன்வெர்ட்டர், எல்இடி பல்பு, போன் சார்ஜர். இவை கக்கும் இரைச்சல் நேரே மத்திய அலையிலும் சிற்றலையிலும் வந்து விழும். ரங்கூனில் கரன்ட் போய் அக்கம்பக்கத்து இன்வெர்ட்டர்களும் ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் சிற்றலை சுத்தமாகக் கேட்கும்.

4 ஆகஸ்ட் 2024

கரன்ட் பேச்சு வந்ததால் பேட்டரி.

இந்த ஊரில் பூம்பாக்ஸ் சேர்ப்பவருக்கு வேறெங்கும் இல்லாத நியாயம் ஒன்று உண்டு. இது கரன்ட் இல்லாதபோது பாடுவதற்கென்றே செய்த பொருள். தெருவில் "மீ லாபி!" (பர்மியத்தில் "கரன்ட் வந்துருச்சு!") என்று பிள்ளைகள் கத்தும்வரை நம் வீட்டில் பாட்டு நிற்காது.

ஆனால் பெரிய டார்ச் செல் எட்டு, பத்து என்று வாங்கிக் கட்டுபடி ஆகாது. நம்மிடம் 12 வோல்ட் பேட்டரி வீட்டுக்கு வீடு இருக்கிறது. செட்டில் எத்தனை செல் என்று எண்ணுங்கள். செல் ஒன்றுக்கு 1.5 வோல்ட். எட்டு செல் என்றால் 12 வோல்ட், அப்படியே பொருந்தும். ஆறு செல் என்றால் 9 வோல்ட், நேரே கொடுக்கக் கூடாது, நடுவில் வோல்டேஜ் குறைக்கும் கன்வெர்ட்டர் வேண்டும்.

டிசி சாக்கெட்டின் பக்கத்தில் ஒரு சின்னப் படம் இருக்கும், நடு முள் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று. பழைய ஜப்பான் செட்டுகளில் நடு முள் மைனஸ் நிறைய. மாற்றிக் கொடுத்தால் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஐசி (சில்லு) போய்விடும். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம். பேட்டரி சார்ஜ் ஏறும்போது பாட்டுப் போடாதீர்கள், அப்போது 14 வோல்டைத் தாண்டும்.

இன்வெர்ட்டரில் சொருகி, அதை டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 100 ஆக்கி, செட்டு அதைத் திரும்ப 12 ஆக்குவது சுற்றி வளைத்த வேலை. மலிவு இன்வெர்ட்டரின் சதுர அலையில் டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரமும் போடும்.

5 ஆகஸ்ட் 2024

"பத்து செல் செட்டுக்கு 12 வோல்ட் கொடுத்தால் கெட்டுவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கெடாது. 15 வோல்டுக்கான செட்டு 12-இல் பாடும், வால்யூமை ரொம்ப ஏற்றினால் மட்டும் சத்தம் சீக்கிரம் கிழியும். செல் தீரத் தீர அது எப்படியும் 12-க்கு இறங்கித்தான் பாடியது.

செல் பெட்டியைத் திறந்து பார்க்காமல் எந்தச் செட்டும் வாங்காதீர்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் ஸ்பிரிங்கோடு நிற்கிறதா, வயர் வழியாக போர்டுக்கு ஏறிவிட்டதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

1 செப்டம்பர் 2024

ஸ்பீக்கர் கோனைச் சுற்றி இருக்கும் வளையம் மூன்று விதம்: துணி அல்லது காகிதம், ரப்பர், ஃபோம். ஃபோம்தான் நம் ஊருக்கு ஆகாது. மெல்ல விரலால் தொட்டால் தூளாக உதிரும். காகிதமும் துணியும் நாற்பது வருஷம் கழித்தும் அப்படியே இருக்கின்றன. ஸ்பீக்கரை மூடியிருக்கும் வலை (ஜாலி) முன்னால் ஸ்க்ரூவில் நின்றால் கழற்றிப் பார்க்கக் கேளுங்கள். சம்மதிக்காவிட்டால் டார்ச்.

இன்னொன்றையும் யோசித்துக்கொண்டே இருந்தேன். ஸ்டீரியோதான் வாங்க வேண்டும் என்று ஆரம்பத்தில் எழுதினேனே, நம் ஆட்கள் கேட்கும் பாட்டைப் பார்த்தால் அது அவ்வளவு கட்டாயம் இல்லை என்று இப்போது படுகிறது. தமிழ் சினிமாப் பாட்டு எழுபதுகளின் கடைசி வரை பெரும்பாலும் மோனோவில் பதிவானது. அதை ஸ்டீரியோ செட்டில் போட்டாலும் இரண்டு பக்கமும் ஒரே சத்தம்தான். ஒரே பெரிய ஸ்பீக்கர் வைத்த எழுபதுகளின் மோனோ செட்டில் அந்தப் பாட்டுகள் எடுப்பாக இருக்கும். ஜேவிசியில் ஆர்சி-550 என்று 25 செ.மீ. வூஃபர் ஒன்றோடு வந்த பிரபலமான மோனோ செட்டே உண்டு. அது கிடைப்பது அரிது. ஆனால் சோனி, நேஷனல் மோனோ செட்டுகள் ரங்கூன் தெய்ன்ஜி சந்தைப் பக்கம் ஸ்டீரியோவைவிட மலிவாகக் கிடக்கின்றன, யாரும் சீந்துவதில்லை. பழைய பாட்டு மட்டுமே கேட்பவர் இதை முதல் செட்டாக எடுக்கலாம். நான் மனசார இதைச் சொல்கிறேன்.

ஸ்டீரியோ செட்டில் "வைட்" அல்லது "ஆம்பியன்ஸ்" சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கத்துச் சத்தத்தைத் தலைகீழாக்கி மறுபக்கத்தில் கொஞ்சம் கலப்பது அதன் வேலை. மோனோப் பாட்டுக்கு அதைப் போடாதீர்கள், நடுவில் நிற்கும் குரல் மெலிந்துபோகும்.

8 செப்டம்பர் 2024

போனை இணைக்க மைக் சாக்கெட்டில் சொருகிவிட்டு "பாட்டு கிழியுது" என்கிறார்கள். மைக் சாக்கெட் மில்லிவோல்ட் கணக்கில் வாங்குவது. லைன் இன் என்றோ ஆக்ஸ் என்றோ போட்டிருக்கும் சாக்கெட்தான் போனுக்கு. அது இல்லாத செட்டும் நல்ல செட்டுதான், ஆனால் கேசட் கையில் இல்லாத இளைஞருக்கு லைன் இன் இருப்பதை எடுக்கத்தான் சொல்வேன்.

பெரிய செட்டுப் பிரியர் ஒருவர் கோனியன் சி-100எஃப் பற்றிக் கேட்டார். பெரிய பெட்டி, தூக்கினால் அலறும் திருட்டு அலாரம் கூட உண்டு. ரசிக்க வேண்டிய பொருள், ஆனால் மூன்றாவது நான்காவது செட்டாக.

20 அக்டோபர் 2024

திங்கன்ஜூன் தம்பி வாங்கிவிட்டார். சான்யோ, நடுத்தர அளவு, ஒற்றை டெக், ஏற்றுமதி மாடல், 220 சுவிட்சோடு. பெல்ட்டை அவரே மாற்றியிருக்கிறார். "குரல் தெளிவா இருக்கு அண்ணே, ஆனா ஊர்ல இருந்து வந்த பழைய கேசட் மட்டும் மந்தமா கேக்குது" என்கிறார்.

தம்பி, அது டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டின் சாய்வு. அந்தக் கேசட்டைப் பதிவு செய்த மெஷினின் ஹெட்டும் உங்கள் ஹெட்டும் ஒரே கோணத்தில் நிற்கவில்லை. முதலில் ஹெட்டை ஆல்கஹால் பஞ்சால் துடையுங்கள், மந்தம் அதிலேயே போய்விடலாம். போகாவிட்டால் ஹெட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்க்ரூ இருக்கும், அதில் ஸ்பிரிங் வைத்ததை மட்டும் தொடுங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, மோனோ சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவிட்டு, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். ஜால்ரா சத்தம் மிகத் தெளிவாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். காந்தம் ஏறிய டிரைவரை ஹெட்டுக்குப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். திருப்பத் தொடங்குமுன் ஸ்க்ரூவின் தலை நின்ற நிலையைப் பேனாவால் குறித்துவையுங்கள், மற்றக் கேசட்டுகளுக்குத் திரும்ப அங்கே வர வேண்டியிருக்கும்.

21 அக்டோபர் 2024

வேகம் பற்றியும் கேட்டிருக்கிறார். மோட்டாரின் முதுகில் ஒரு சிறு துளை, உள்ளே வேகம் திருத்தும் ஸ்க்ரூ. சில செட்டுகளில் அது போர்டில் தனியாக இருக்கும். அதே பாட்டைப் போனில் போட்டு, இரண்டும் ஒரே சுருதியில் நிற்கும்வரை திருப்புங்கள். உங்கள் சான்யோவின் மாடல் எண்ணை எழுதுங்கள், அதற்கேற்ற ரப்பர் ரோலரின் அளவு என் குறிப்பேட்டில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.